கறுப்புக் கார் மார்க்கண்டர்

புங்குடுதீவில் மார்க்கண்டர் என்று கேட்டால் எந்த மார்க்கண்டர் என்பார்கள். கறுப்புக் கார் மார்க்கண்டர் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். நயினாதீவு அம்மாளாச்சியிடம் போகிற சனத்தைக் குறிகட்டுவான் துறையில் இறக்குவதும், கும்பிட்டு வருகிறவர்களை வீடு சேர்ப்பதும்தான் அவர் வாழ்க்கை. பிள்ளைகள் இல்லை. மனைவி நாகபூசணியும் அந்தக் காருந்தான். காருக்குத் திருநீறு பூசாமல் அவர் ஒருநாளும் திறப்பைப் போட்டுக் காரை எடுத்ததில்லை.

துறையில் நின்ற மற்றக் கார் சில்வெஸ்ரருடையது. அது பச்சை. சில்வெஸ்ரர் வேதக்காரன், வயதில் இளையவன், வாய்க்காரன். தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கிப் பெற்றோல் நின்றபின் இரண்டு காரும் மண்ணெண்ணெய்யில்தான் ஓடின. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் மருந்து மாதிரி வைத்திருக்கும் பெற்றோலை நாலு சொட்டு எஞ்சினுக்குள் விட்டு எழுப்பினால், பிறகு மண்ணெண்ணெய்யில் புகைந்துகொண்டு போகும்.

பச்சைக் கார் சொட்டு விட்டதும் உறுமும். ஆனால் மண்ணெண்ணெய் குடிக்கும். கறுப்புக் கார் லேசில் எழும்பாது. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றவேண்டும். எழும்பிவிட்டால் ஒரு போத்தலில் கனதூரம் போகும்.

"மார்க்கண்டண்ணை, உங்கடை கார் பூசை முடிஞ்சாத்தான் கண் முழிக்கும் போல," என்பான் சில்வெஸ்ரர்.

"உம்மடையது வெள்ளன எழும்பி நேரே கள்ளுத் தவறணைக்குப் போற காரெல்லே," என்பார் இவர். வள்ளத்துக்கு நிற்கிற சனம் சிரிக்கும்.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. ஊருக்கு ஒரு காருக்கு மட்டுந்தான் மண்ணெண்ணெய், அந்தக் கார்தான் ஆசுபத்திரிக் காரும் என்று சங்கக்கடை மனேச்சர் குலசிங்கம் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு போத்தல் ஊற்றி ஓடவிட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

போட்டிக்கு முதல்நாள் சில்வெஸ்ரர் மார்க்கண்டரின் படலைக்கு வந்தான்.

"அண்ணை, உழைப்புக்காகக் கேக்கேல்லை. என்ரை மனிசி கிறேசுக்கு மூச்சிழுப்பு வந்தா நிண்டு பாக்க ஏலாது. என்ரை கார் உடனை எழும்பும். அதுக்காகத்தான்."

"நானென்ன அவவைக் கொண்டுபோக மாட்டனே? கூப்பிட்ட உடனை உம்மடை வாசலிலை நிப்பன். அம்மாளாச்சி அறிய."

சில்வெஸ்ரர் படலையைச் சாத்திவிட்டுப் போனான்.

போட்டி நடந்தது கடலுக்கு நடுவால் வேலணைக்குப் போகிற தாம்போதித் தெருவில், நல்ல சோளகக் காற்றுக் காலத்தில். எது கெதியாக எழும்புகிறது என்பதைக் குலசிங்கம் கணக்கில் எடுக்கவில்லை. "போற தூரந்தான் கதை," என்றார். பச்சைக் கார் தாம்போதி நடுவில் நின்றது. கறுப்புக் கார் வேலணைக் கரையைத் தொட்டது. சனம் கைதட்டியது. சோளகம் முழுவதும் பின்பக்கத்தால் தள்ளிக்கொண்டு வந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. தோணி தள்ள முதல் பத்துத்தரம் காற்றுப் பார்க்கிற சனம், காருக்குக் காற்றுப் பார்க்கவில்லை.

பச்சைக் கார் கொட்டிலுக்குள் கல்லின்மேல் ஏறியது. சில்வெஸ்ரர் மைத்துனனோடு கடலுக்குப் போனான்.

தை மாதம், வாடை ஊசியாய்க் குத்துகிற ஒரு காலையில் சில்வெஸ்ரர் ஓடிவந்தான். கிறேசுக்கு மூச்சு எடுக்க ஏலவில்லை. மார்க்கண்டர் அன்றைக்குத் திருநீறு பூசக்கூட நிற்கவில்லை. சொன்னபடி உடனே போக, கார் விடவேண்டுமே! பனியில் நனைந்த எஞ்சின் அசையவில்லை. அவர் கம்பியைச் சுற்ற, சில்வெஸ்ரர் பெற்றோல் போத்தலைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டான். இரண்டு பேருக்கும் வாடையிலும் வியர்த்தது. ஒருவழியாய் எழும்பி வாசலில் போய் நின்றபோது, கிறேஸ் தன் தமக்கை சின்னத்தங்கத்தின் தோளில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாண ஆசுபத்திரி மட்டுக்கும் போகப் போட்டியில் ஓடிய கணக்குக்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு மண்ணெண்ணெய் காரில் இருந்தது. ஆனால் இந்தமுறை காற்று முகத்தில் அடித்தது. காருக்குள் நாலு பேர். பண்ணைத் தாம்போதியில், பட்டணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், எஞ்சின் இருமிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் கடல்.

சில்வெஸ்ரரும் மார்க்கண்டரும் தள்ளினார்கள். வாடை திரும்பத் தள்ளியது.

கிறேஸ் கண்ணாடிக்குக் கிட்ட முகத்தை வைத்து, "மாட்டு வண்டில் எண்டா... தள்ளத் தேவையில்லை, அண்ணை," என்றாள். மார்க்கண்டரின் முகத்தைப் பார்த்து, மனுஷனைத் தேற்றத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பின்னால் வந்த உழவு இயந்திரம் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது, சின்னத்தங்கம் தங்கையின் கண்களை மூடிவிட்டுச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிறேசின் முப்பத்தோராம் நாள் பூசை முடிய மார்க்கண்டர் மண்ணெண்ணெய்க் கானைக் கொண்டுபோய்ச் சில்வெஸ்ரரின் வாசலில் வைத்தார்.

"இனி நீர் ஓடும், தம்பி. நான் விடுறன்."

"ஆரை ஏத்த அண்ணை?" என்றான் அவன். கானைத் தூக்கிக்கொண்டு வந்து திரும்ப இவர் காரிலேயே வைத்தான்.

அன்றிலிருந்து மார்க்கண்டர் சீற்றுக்குக் கீழே ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கூடுதலாக வைத்தார். எவ்வளவு அவசரம் என்றாலும், தாம்போதியில் ஏறமுதல் கையை வெளியே நீட்டிக் காற்றுப் பார்ப்பார். ஏறுகிறவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

வந்த ஐப்பசியில் ஆமி வருகுது என்று ஊரே எழும்பிப் பட்டணப் பக்கம் ஓடியது. மார்க்கண்டர் நாகபூசணியையும் இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு சில்வெஸ்ரரின் படலையில் நின்றார்.

"பச்சைக் கார்?"

"நிக்கட்டும்," என்று சொல்லி அவன் முன்சீற்றில் ஏறினான்.

பண்ணைத் தாம்போதி முழுவதும் சனம். நடந்தும், சைக்கிளில் கோழியைக் கட்டிக்கொண்டும் போனார்கள். கிறேசோடு கார் நின்ற அந்த இடம் வந்ததும் மார்க்கண்டர் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிற்பாட்டினார்.

"என்னண்ணை, விசரே? இது திரும்ப எழும்புமே?"

"எழும்பாட்டித் தள்ளுவம். இனி எப்ப இந்தப் பக்கம் வாறமோ! இறங்கி, சொல்லுறதைச் சொல்லிப்போட்டு வாரும்."

சில்வெஸ்ரர் இறங்கிக் கடலைப் பார்த்து நின்றான். உதடு அசைந்தது. நாகபூசணி காருக்குள் இருந்தபடியே கைகூப்பினாள். சிலுவை போட்டுவிட்டுத் திரும்பியவன், சீற்றுக்குக் கீழே கிடந்த கம்பியை எடுத்தான்.

"நீங்கள் இருங்கோ, அண்ணை. நான் சுத்திறன்."

இரண்டு சுற்றிலும் அது எழும்பவில்லை. மார்க்கண்டர் பெற்றோல் போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கி அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.