முற்றத்து ஒயில் கறை

கராஜில் மெக்கானிக் என் பிக்கப்பின் பின்சில்லைக் கழற்றியதும், அக்சில் சீல் கசிந்து பிரேக்கில் ஊறியிருந்த கியர் ஒயிலின் நெடி எழுந்தது. கூடவே, ஒலுவில் கரையோரம் இருந்த எங்கள் வீட்டு முற்றமும் எழுந்து வந்தது.

வாப்பா மீன் ஏற்றிய பிக்கப்பிலும் அந்த சீல்தான் ஓயாமல் கசியும். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுப் புது சீலும் பழுதாகிவிட, அவர் மறுபடி தென்னையடியில் குந்தியிருந்து அதை நெம்பி எடுப்பார், மணல் கறுக்கும், உம்மா ஏசுவார். நோன்பு பிறக்குமுன் எல்லா வீட்டு முற்றத்துக்கும் புதுக் கடல்மண் பரப்பும்போது, உம்மா முதல் கூடையை அந்தக் கறையில்தான் கொட்டுவார்.

வாப்பா மௌத்தான பிறகு கடல் எங்கள் வளவை அரிக்கத் தொடங்கியது. ஒரு காலையில் முற்றம் பாதியாக வெட்டுண்டு நின்றது. அந்த வெட்டில் கறுப்பும் வெள்ளையுமாக, வாப்பாவின் ஒயிலும் உம்மாவின் மண்ணும் மாறி மாறி அடுக்கடுக்காகத் தெரிந்தன. உம்மா கறுப்பைத் தொட்டு விரலை மணந்து பார்த்தார்.

"இத மறைக்கத்தானே மனே, வருசா வருசம் மண் சுமந்தன்."

பின்நேரம் அலை அதையும் கொண்டுபோனது.

"இனி ஒரு சொட்டும் ஒழுகாது காக்கா," என்று மெக்கானிக் தரையில் சிந்தியிருந்த ஒயிலைத் துடைக்கத் தொடங்கினான். அதை அப்படியே விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.