அண்ணைக்கு நோக வேண்டும் என்று கும்பிட்ட நாள்

போன மாரி மழை ஓய்ந்து, சண்டிலிப்பாயில் புகையிலைக் கன்று நடத் தொடங்கியிருந்த நேரம். அப்பா செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து சில கிழமைதான். வீட்டில் நான், அம்மா, அண்ணை மூன்று பேர்தான் மிச்சம்.

அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். ஒரு நோவும் இருக்கவில்லை. சிறுநீரோடு இரத்தம் போயிருக்கிறது. ஆனால் அவர் எப்போதும் தோட்டத்து வேலிக்கரையில்தான் சலம் விடுவார். எங்கள் செம்பாட்டு மண்ணில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? ஆள் மெலிந்து, இருமத் தொடங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதற்குள் நோய் நெஞ்சு வரை ஏறிவிட்டது.

அங்கிருந்த பெண் டாக்டர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “நோகாமல் இரத்தம் போறதுதான் தங்கச்சி பயம். நோகாட்டி ஒருத்தரும் வாறேல்லை. எங்கடை பக்கத்திலை கன பேர் இப்பிடிப் பிந்தித்தான் வருகினம்.” அப்பா குடித்த சுருட்டும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அண்ணையும் சுருட்டுக் குடிப்பவர்தான்.

அதனால் அப்பா போன பிறகு, வீட்டுக் கக்கூசுக்குத்தான் போக வேண்டும் என்று அண்ணையை நச்சரித்தேன்.

“சலம் விடவும் உன்னட்டைக் கேட்டிட்டோ போறது?” என்று சிரித்தார். ஆனாலும் எனக்காகப் போனார்.

ஒரு நாள் காலை அவருக்குப் பிறகு நான் போனேன். அவர் தண்ணீர் சரியாக ஊற்றவில்லை. வெள்ளைப் பீங்கானில் சிவப்பு.

கிணற்றடியில் நின்ற அண்ணையிடம் ஓடினேன்.

“அண்ணை, உங்களுக்கு நோகுதோ?”

என் முகத்தைப் பார்த்தார். “ஒரு நோவும் இல்லையடி. நேற்று பீட்ரூட் கறியெல்லே காய்ச்சினனி? அதுதான்.”

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அந்த ‘இல்லை’தான் என்னைக் கொன்றது.

அம்மாவிடம் சந்தைக்கு என்று பொய் சொல்லிவிட்டு, அண்ணையின் மோட்டார் சைக்கிளில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அண்ணை அப்பாவின் சட்டையைப் போட்டிருந்தார். பின்னால் இருந்து பார்க்க அப்பாவின் முதுகு மாதிரியே இருந்தது. வழியில் ஒரு பிள்ளையார் கோயில் வந்தது. பிள்ளையாரே, அண்ணைக்கு நோக வேணும், நல்லா நோக வேணும் என்று கும்பிட்டேன். எந்தத் தங்கச்சி இப்படிக் கும்பிடுவாள்?

அப்பாவோடு வந்து குந்தியிருந்த அதே வாங்கு, அதே டாக்டர். என்னை அடையாளம் கண்டதும் அவர் முகம் மாறியது.

“நோவு இருக்கோ?” என்று அண்ணையைக் கேட்டார்.

அண்ணை என்னை ஒருக்கால் பார்த்தார். “இல்லை டொக்டர்.”

என் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் அண்ணையின் பின்விலாவில் கையால் மெல்லத் தட்டினார்.

“ஐயோ அம்மா!” அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“இல்லையெண்டு சொன்னியள்?”

“மூண்டு நாளா உயிர் போகுது டொக்டர். இவள் பயப்பிடுவாள் எண்டு சொல்லேல்லை.”

நான் அழுதபடியே சிரித்தேன். “அண்ணைக்கு நோகுது எண்டு சந்தோசப்படுற தங்கச்சியை இப்பதான் பாக்கிறன்” என்றார் டாக்டர். பிறகு, “எண்டாலும் நோவை மட்டும் நம்பேலாது. ஸ்கான் எடுப்பம்” என்றார்.

சிரிப்பு அதோடு நின்றது. ஸ்கான் அறைக் கதவு மூடியிருந்த நேரம் முழுக்க அப்பா கடைசியாய் மூச்சு இழுத்த சத்தம்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. சிறுநீரகத்தில் கல்லாம். கட்டி ஒன்றும் இல்லையாம். சுருட்டை அன்றோடு விடச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணை, “இனி ஒண்டும் ஒளிக்கமாட்டன்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒவ்வொரு நாள் காலையும் கக்கூசுக்குள் இருந்தே, “ஒண்டும் இல்லையடி!” என்று கத்துவார். “ஊருக்கே கேக்குது, வெக்கம் கெட்டவனே” என்று அம்மா திட்டுவா. நான் சிரிப்பதில்லை. நாங்கள் பக்கத்திலேயே நின்று கன்று நட்டுக்கொண்டிருக்க, அப்பாவின் இரத்தத்தை அந்த மண் சத்தமில்லாமல் குடித்தது. அதனால் அண்ணையின் அந்தச் சத்தம் வரும்வரை இன்றும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்கிறேன்.