நாற்றங்காலில் நட்ட புளூபெர்ரி

அன்று கூடத்தில் இருந்தது அப்பா, அம்மா, நான், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அத்தான், அதாவது அக்காவின் கணவர். அக்கா வரவில்லை, அவள் வேலை பார்த்த கடையில் லீவு தரவில்லை. அத்தானிடம் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். எங்கள் பக்கம் மாப்பிள்ளை கேட்டதை மறுப்பதும் பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவதும் ஒன்று.

அத்தான் போனில் படம் காட்டினார். ஆளுயரப் புதர்கள், கொத்துக் கொத்தாக நீலப் பழம், நடுவில் வாளியோடு அக்கா.

"சனிக்கிழமை ஆனா தோட்டத்துக்குப் போயிடுவோம் மாமா. நாமளே பறிச்சுக்கலாம்."

"கூலி எவ்வளவு தருவாங்க மாப்பிள்ளை?"

"கூலியா? நாமதான் காசு கட்டணும்."

"அறுப்புக்கு வர்ற ஆளு நமக்குக் காசு கொடுக்கிறாப்பல" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தானுக்கு உறைக்கவில்லை.

அடுத்து, அந்தப் புளூபெர்ரியை இங்கே நட அவர் கேட்டது நாற்றங்காலை. மோட்டாரை ஒட்டிய இடம். ஆறு மா நிலத்துச் சம்பாவுக்கும் அதில்தான் விதை விடுவோம். "நெல்லுல என்ன மாமா இருக்கு? இந்தப் பழம் கிலோ என்ன விலை தெரியுமா?"

எங்கள் வீட்டில் கல்லூரி மிதித்த முதல் ஆள் நான். தேடிப் படித்துவிட்டுச் சொன்னேன்: "அத்தான், அதுக்குப் புளிப்பு மண் வேணுமாம், தண்ணி தேங்கக் கூடாதாம், நல்ல குளிர் வேணுமாம். நம்மது களிமண்ணு."

"போன்ல நாலு பக்கம் படிச்சுட்டு எனக்கே பாடமா மச்சான்?"

வாளியில் பறித்ததைத் தவிர அந்தச் செடிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்பாவைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்தார். "ஆசைப்படுறாருடா."

மலைப்பக்கத்து நர்சரியிலிருந்து காயோடு பத்துச் செடிகள் வந்தன. அத்தான் பர்சைத் தொட்டார், தொட்டதோடு சரி. அப்பா விடுவாரா? தேங்காய்நார்த் தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டி நட்டுவிட்டு, உத்தரவுகளும் போட்டுவிட்டு அத்தான் விமானம் ஏறினார். நீலமானதும் பறித்துவிடக் கூடாது, ஒரு வாரம் விடணும். கட்டைவிரலால் உருட்டினால் தானாக விழணும். கழுவாமல், துணி விரித்த டப்பாவில் பிரிட்ஜில் வைக்கணும். சாமிக்குப் படைப்பதற்குக்கூட எங்கள் வீட்டில் இத்தனை ஆசாரம் கிடையாது.

ஆற்றில் தண்ணீர் வந்தது, கூடவே மழை. தண்ணீர் நிற்பதற்கென்றே அப்பா வருஷா வருஷம் மட்டம் பார்த்த இடம். கடமை தவறாமல் நின்றது. நார்த்தூள் மிதந்து வரப்போரம் ஒதுங்கியது. செடிகள் கறுத்தன. பிடுங்கிவிட்டு விதை விடலாம் என்றேன்.

"அவரு வீடியோல கேப்பாருடா."

விதை விடும் பருவம் தாண்டிப் போனது.

தேறியது நாலு பழம். அத்தான் சொன்னபடியே அம்மா வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அத்தான் பார்க்க, நாற்றங்கால் வரப்பில் நின்று ஆளுக்கொன்று தின்றோம். இனிப்புமில்லை, புளிப்புமில்லை, ஈரத்துணியைச் சப்பின மாதிரி. நாலாவது மாப்பிள்ளை பங்கு, டப்பாவிலேயே இருந்தது.

"எப்படி மாமா?"

"அருமைங்க."

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "அது நாத்தங்கால்தானே? அங்கயா வெச்சீங்க? அறிவிருக்கா உங்களுக்கு?"

அத்தான் படத்திலிருந்து மெல்ல நகர்ந்தார்.

"சம்பாவுக்கு நாத்து எங்கப்பா?"

ஒரத்தநாட்டுப் பக்கம் விலைக்கு வாங்கி, டிராக்டரில் ஏற்றி வந்து நட்டோம். செடி, நார்த்தூள், நாற்று, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.