துருவத்துப் புழுவும் மாமல்லபுரத்துச் சேறும்

1976 பிப்ரவரி. காலை ஆறேகாலுக்குச் செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறினேன். மடியில் நுண்ணோக்கிப் பெட்டி. லக்கேஜ் டிக்கெட் வாங்கியே தீரவேண்டும் என்று அடம்பிடித்த கண்டக்டர், உள்ளே என்ன என்று கேட்டார். புழு பார்க்கிற கருவி என்றேன். பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

புழுதான் விஷயம். எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒரு வெளிநாட்டுக் கப்பலில் தென் துருவக் கடலுக்குப் போய், கடலடிச் சேறு கொண்டுவந்திருந்தார். நானும் மனுப் போட்டேன். பெண்களுக்குக் கப்பலில் இடமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சேறு அலச மட்டும் பெண்கள் வேண்டும் போலும்! மூன்று வருஷம் அலசியதில் தலைமுடியைவிட மெல்லிய ஓர் உருளைப்புழு அகப்பட்டது. நான் புரட்டிய எந்தப் புத்தகத்திலும் இல்லாத புழு. பெயர் வைக்கப்போகும் நேரத்தில் துறையின் பெரிய மனிதர் ஒருவர், இதே புழுவை மாமல்லபுரத்துச் சேற்றில் பார்த்து யாரோ முன்பே பெயர் வைத்துவிட்டதாக ஞாபகம் என்றார். அது நிஜமானால் என் மூன்று வருஷமும் போச்சு.

ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். எட்டு மணிக்குள் குப்பத்தில் இருந்தேன். எங்கள் கல்லூரிக்கு மீன் கொண்டுவந்து தரும் ஏழுமலை, கட்டுமரம் தள்ளத் தயாராக நின்றார். நானும் வருகிறேன் என்றேன்.

"பொம்பள மரத்துல ஏறக்கூடாதும்மா. தப்பா நெனச்சிக்காத."

இங்கேயுமா! கல் கட்டிய தகர டப்பாவை அவரிடம் கொடுத்து, எட்டு பாகம், அதாவது ஏறத்தாழ ஐம்பதடி ஆழத்துச் சேறு வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பதினோரு மணிக்குத் திரும்பியவர், டப்பாவை மனைவி பொன்னியிடம் கொடுத்துவிட்டு மீன் விலைபேசப் போனார். நான் டீ குடித்துவிட்டு வந்தால், பொன்னி சிரித்த முகமாக ஒரு தட்டை நீட்டினாள். பளபளவென்று வெள்ளை மணல்.

"வூட்டுக்கு வந்தவங்களுக்கு நாத்தம் புடிச்ச சேறா குடுக்கறது? நல்ல தண்ணி ஊத்தி நாலு வாட்டி அலசிட்டேன்."

கடல் புழு நல்ல தண்ணீர் பட்டால் உப்பி வெடித்துவிடும். மிச்சமிருந்ததும் கொட்டிய தண்ணீரோடு போயிருக்கும். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். திட்டவும் மனசு வரவில்லை. விஷயம் புரிந்ததும் அவள் முகம் சுண்டிப்போனது.

அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கல். வஞ்சிரக் குழம்பு நாக்கைச் சுட்டது; காரம் அப்படி. மறுநாள் ஏழுமலை கொண்டுவந்த சேற்றை யாரும் தொடாமல் பொன்னியே காவல் காத்தாள்.

வாசலில் மரப்பெட்டிமேல் நுண்ணோக்கியை வைத்து, அதன் அடியிலுள்ள கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினேன். மதியம்வரை தேடியதில் அந்தப் பெரியவர் சொன்ன ஜாதியில் ஓர் ஆண் புழு கிடைத்தது. இந்த இனங்களைப் பிரித்தறிய ஆணின் வாலருகே உள்ள இரண்டு முட்களைப் பார்க்கவேண்டும். துருவத்துப் புழுவுக்கு அவை நீண்டு கொக்கிபோல வளைந்திருக்கும். இதற்குக் குட்டை, நேர். வேறு புழு! அப்பாடா என்று சத்தமாகவே சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போ அந்தத் துருவத்துப் புழுவுக்கு உன் பேரா என்று கேட்டாள் பொன்னி. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது முறையில்லை, பேராசிரியர் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். அவள் குனிந்து நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"எம்பேர வெய்யி. நான் இந்தக் கடல்லயே போனதில்ல. பேராவது அங்க இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பேராசிரியரின் பெயரை அடித்துவிட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவர்தான் அங்கே நேரிலேயே போய்விட்டு வந்தாரே.