கண்ணாடி இல்லாத கண்ணாடிக்கூடு

கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் அவர் இறங்க மாட்டார். பயணிகள் எல்லோரும் போகட்டும் என்று ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்டக்டரும் டீக்கடைப் பக்கம் போன பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக்கூட்டை எடுப்பார். அதற்குள் மடித்த துணி, துணிக்கு நடுவில் மாத்திரைகள். ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். கூட்டை மூடிக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்குவார். சத்தம் வரவில்லை என்றால்தான் அது பைக்குள் போகும். அப்புறம்தான் டீ.

கூட்டுக்குரிய கண்ணாடி எங்கே என்று கேட்காதீர்கள், அவருக்குக் கண்ணாடியே கிடையாது. மாடி ஜன்னலில் நின்றபடி, தெருக்கோடியில் வருகிறவன் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்திருக்கிறது என்று சொல்கிற கண் அது.

என் பேத்தியின் புருஷன். பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஊமை ஹாரன்'. மாடு குறுக்கே படுத்திருந்தாலும் ஹாரன் அடிக்க மாட்டார், அது எழுந்து போகிற வரைக்கும் காத்திருப்பார். ஏன் மாப்பிள்ளை என்று ஒரு நாள் கேட்டேன். "இவ்வளவு பெரிய வண்டி வர்றது அதுக்குத் தெரியாமலா இருக்கும் பாட்டி? நான் வேற தனியா சொல்லணுமா?" என்றார்.

வீட்டிலும் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் வரும், கேட்காததற்கு வராது. "சாப்பிட்டீங்களா?" என்றால் "சாப்பிட்டேன்." என்ன சாப்பிட்டார் என்பதற்கு இன்னொரு கேள்வி போட வேண்டும். வயிறு நிறைந்ததா என்பதற்கு மூன்றாவது. ஆழக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது மாதிரிதான், நம் கைதான் வலிக்கும்.

அப்படிப்பட்டவர் யாரும் கேட்காமல் தானாகச் சொன்னது ஒன்றே ஒன்று. என் பேத்தி தையல் ஆலைக்கு அவர் வண்டியில்தான் போய்வருவாள். பேசிப் பழகி, கல்யாணம் என்று பேச்சு வந்த அன்றே, "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். யோசிச்சுச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். அவள் யோசித்தாள். அழுதாள். அவருக்கு மாத்திரை கொடுக்கிற டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

அந்த டாக்டரம்மாவிடம் நானும் போய்க் கேட்டேன். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடுமாம். அப்படி அடங்கியே இருந்தால் பெண்டாட்டிக்குப் பரவாதாம், பிள்ளையும் பெற்றுக்கொள்ளலாமாம்.

"அப்ப கிருமி போயிடுச்சா?"

"போகலை பாட்டி."

"இருக்கா?"

"இருக்கு."

"இருக்கு, ஆனா பார்த்தா தெரியாது?"

"ஆமாம்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். இன்றைக்கும் இது எனக்குப் பாதிதான் புரிகிறது. மீதிப் பாதியை என் பேத்தி எனக்காகப் புரிந்துகொண்டுவிட்டாள். அவர் குடித்து வைக்கிற டம்ளரில் நானும் தண்ணீர் குடிக்கிறேன். டம்ளரால் ஒட்டாது என்பது மட்டும் எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது.

இவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்ள முடிவு செய்த சமயத்தில்தான் டாக்டரம்மா இருக்கிற ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். பொழுதுக்கொரு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார்கள், எதனால் விட்டுப்போகிறது, விட்டால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. இவரும் சேர்ந்தார். ஒரு புது டப்பா கொடுத்தார்கள். அதன் மூடி கட்டைவிரல் தடிமன். ஒவ்வொரு தடவை திறப்பதையும் அந்த மூடி தனக்குள் குறித்துக்கொள்ளும். அவருக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். அவர் புரிந்துகொண்டது என்னவென்றால், உள்ளே எத்தனை மாத்திரை மிச்சம் என்று மூடி எண்ணுகிறது. இரண்டும் ஒன்றா? எனக்கும் அன்றைக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது.

கொஞ்ச மாதம் கழித்து எங்கள் மூன்று பேரையும் வரச் சொன்னார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். எனக்கு எழுத்துத் தெரியாது, படம் பார்க்கத் தெரியும். மூடியைத் திறந்த நாளுக்கெல்லாம் ஒரு பச்சைப் புள்ளி. அங்கொன்றும் இங்கொன்றுமாக, என் வாய்ப் பல் மாதிரி இருந்தது.

பக்கத்தில் ஆலோசனை சொல்கிற பெண். சின்ன வயசு, அதட்டாமல் பேசுவாள். "அண்ணே, தினமும் டப்பாவைத் திறக்கறீங்களா?" என்றாள்.

"இல்லை."

"அப்ப தினமும் மாத்திரை சாப்பிடறதில்லையா?"

"சாப்பிடறேன்."

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். நான் என் பேத்தியைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"திறக்காம எப்படிண்ணே சாப்பிடுவீங்க?"

"நான் பொய் சொல்றேங்கறீங்களா?" என்றார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார். அவர் ரோஷம் அப்படி. கோபம் வந்தால் கத்த மாட்டார், இருக்கிற நாலு வார்த்தையும் நின்றுபோகும்.

டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும் வரைக்கும் பிள்ளைப் பேச்சைத் தள்ளிப்போடுங்கள், பாதுகாப்போடு இருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து வாய் திறந்தவள் என் பேத்திதான். "மூடி பொய் சொல்லுதா?"

"ஆமாம்."

"அதுக்கும் உங்களுக்கும் என்ன பங்காளிச் சண்டையா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவள் டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சமையல் மேடையில், போகிற வழியில், கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். விடியற்காலையில் அவர் கிளம்பும்போது தூங்குகிறவள் போலப் படுத்துக்கொண்டு பார்த்தாள். நானும் பார்த்தேன், கிழவிக்கு ஏது தூக்கம். அவர் முகம் கழுவினார், சட்டை போட்டார், டப்பாவைத் தாண்டிப் போனார், கதவைச் சாத்தினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் என் பேத்தி எழுந்து உட்கார்ந்து, "பாட்டி, எனக்குக் குழந்தை வேணும்னு சொன்னதாலதான் மாத்திரை சாப்பிடறேன்னு பொய் சொல்றாரா?" என்றாள்.

நான் என்ன சொல்ல? மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர் என்று எனக்குத் தெரியும். டப்பாவை அவர் தொடவில்லை என்பதையும் என் கண்ணாலேயே பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூடி கெட்டுப்போயிருக்கும் என்று அடித்துச் சொன்னேன். அவள் டப்பாவை என் கையில் வைத்து, "நீயே திறக்கச் சொல்லேன் அவரை" என்றாள்.

ரத்தத்தின் முடிவு வந்தது. கிருமி தென்படவில்லை. முன்பு எப்படி அடங்கியிருந்ததோ அப்படியே.

சந்தோஷப்படத்தானே வேண்டும்? யாரும் சந்தோஷப்படவில்லை. "வேற யார் ரத்தமாவது மாறி வந்திருக்குமா டாக்டர்?" என்று என் பேத்தி கேட்டாள். மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போனது. மாறவில்லை என்றார் டாக்டரம்மா. மாத்திரை சாப்பிடாதவருக்கு இப்படி வராது, திறக்காத டப்பாவிலிருந்து சாப்பிடவும் முடியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பேனாவைக் கடித்தார். படித்தவர்களுக்கும் புரியவில்லை என்று பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்த ஆலோசனைப் பெண்தான் யோசித்து யோசித்துக் கேட்டாள். "அண்ணே, மாத்திரையை எதிலேர்ந்து எடுத்து வாயில போடறீங்க?"

"கண்ணாடிக்கூட்டுலேர்ந்து" என்றார், அதையும் மேஜை மேல் எடுத்து வைத்தார்.

விஷயம் இவ்வளவுதான். பழைய டிப்போவில் ஓய்வறையில் ஒரு நாள் மாத்திரை டப்பா பையில் கலகலவென்று ஆடியிருக்கிறது. மிட்டாயா, எனக்கும் ரெண்டு கொடு என்று ஒருவன் பறித்து, மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டான். மறுநாள் இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் படுக்கவில்லை. மாற்றல் கேட்டு இந்த டிப்போவுக்கு வந்தார். அதிலிருந்து டப்பா வீட்டை விட்டு வெளியே போகாது. வார விடுமுறையில், என் பேத்தி ஆலைக்குப் போய் நான் கண்ணசந்த நேரத்தில், அந்த வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் கூட்டுக்கு மாற்றித் துணி சுற்றிவிடுவார். மூடி கண்டது அந்த ஒரு தடவையைத்தான்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"நீங்க திறக்கறதைப் பத்தித்தானே கேட்டீங்க."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். இனிமேல் ஆராய்ச்சியில் இருக்கிற எல்லோரிடமும் எதிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டார்களாம். ஒருவர் பவுடர் டப்பாவில் வைத்திருக்கிறாராம், இன்னொருவர் கைக்குட்டை முடிச்சில். யார் எவர் என்று அந்தப் பெண் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் குற்றம் மூடி மேல்தான். காவலுக்கு வைத்தால் வீட்டைக் காக்க வேண்டும், வாசற்படியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? இதை டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பிள்ளைக்கு வழி திறந்துவிட்டது. ஆனால் அவர் மனசில் 'யார் ரத்தம்' என்ற கேள்வி முள்ளாகத் தங்கிவிட்டது போலும். மறுநாள் விடியற்காலையில் என் பேத்தியைத் தட்டி எழுப்பினார். விளக்கைப் போட்டார். வண்டியில் சாப்பிடுகிற அன்றைய மாத்திரையைக் கூட்டிலிருந்து எடுத்து அவள் கண்ணெதிரே விழுங்கி, வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார். அவள் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நாளும் எழுப்பினார், நாக்கை நீட்டினார். அதற்கடுத்த நாளும். விளையாட்டா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்காவது தெரிந்ததோ என்னவோ.

இன்று காலையும் விளக்கு எரிந்தது. அவர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். என் பேத்தி எழுந்தாள், ஆனால் வாய்க்குள் பார்க்கவில்லை. ஒரு விரலால் அவர் மோவாயை மேலே தள்ளி வாயை மூடினாள். கையிலிருந்த கண்ணாடிக்கூட்டை வாங்கித் தன் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். சத்தமில்லை. அதை அவர் சட்டைப் பைக்குள் இறக்கி, பையின் பொத்தானைப் போட்டுவிட்டு, விளக்கை அணைத்தாள்.