ஐந்தாவது சட்டை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் படகுத்துறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் கோணிப்பை. பைக்குள் மாமாவின் கரண்டு இஸ்திரிப் பெட்டி. எட்டு வைக்கும்போதெல்லாம் அது முதுகில் இடித்தது. வயரைக் கழுத்தில் மாலைபோலப் போட்டிருந்தேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்றுவரை தெளிவில்லை. வீட்டைவிட்டுப் போகிறேன் என்ற நினைப்பெல்லாம் அன்று இல்லை. பெட்டியை எர்ணாகுளத்தில் மாமாவிடம் கொடுத்துவிட்டுச் சாயங்காலப் போட்டில் திரும்பிவிடு என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

பெட்டியைத் துரத்தியது அப்பா. துணி வெளுத்துத் தேய்ப்பது அவர் தொழில். உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ரேடியோ, கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லும் ஆள். கைக்கடிகாரம் கட்டியவன் வேலையைப் பார்ப்பதைவிட மணியைத்தான் அதிகம் பார்ப்பான். கிளிப் போட்டுத் துணி உலர்த்துகிறவனுக்குக் கயிறு முறுக்கத் தெரியாது. நாங்கள் இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கி, இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவோம், கடல்காற்றுக்கும் அசையாது. இஸ்திரி என்றால் தேங்காய்ச் சிரட்டைக் கனல்தான். "கனலுக்கு நம்மளைத் தெரியும்டா. கரண்டுக்கு யாரைத் தெரியும்?" என்பார்.

நான் நேர் எதிர்க்கட்சி. கனலை ஊதிக் கொடுப்பது என் வேலை, சாம்பல் விழுவது என் கண்ணில். மாமா எர்ணாகுளத்தில் ஓர் ஓட்டலின் சலவை அறையில் இருந்தார். அங்கே கழித்துப் போட்ட பெட்டியை ஓணத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். எங்களிடம் இருந்தது ஒரே பல்பு. அதைக் கழற்றி, அந்த ஹோல்டரில்தான் வயரைச் சொருக வேண்டும். அப்பா வெளுக்கும் துறைக்குப் போனபின் பழைய துண்டுகளை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஊத வேண்டாம், சாம்பல் தட்ட வேண்டாம். கரண்டைக் கண்டுபிடித்தவன் சின்ன வயதில் கனல் ஊதியவனாகத்தான் இருப்பான் என்று முடிவு செய்தேன்.

அன்று காலை வந்திருந்தவை மிளகு மண்டி முதலாளியின் வெள்ளைச் சட்டைகள் ஐந்து. எங்கள் அடுப்பு அவர் வீட்டுத் துணியை நம்பித்தான் எரிந்தது. அப்பா வருவதற்குள் ஐந்தையும் தேய்த்து அடுக்கி, கரண்டு என்றால் என்ன என்று அவருக்குக் காட்டிவிட நினைத்தேன். நான்கு சட்டைகள் காகிதம்போல வந்தன. ஐந்தாவதன் முதுகில் படகு வடிவத்தில் ஒரு பழுப்புத் தழும்பு விழுந்தது.

அப்பா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடிக்கவில்லை. "இது வந்த இடத்துக்கே போகட்டும்" என்று மட்டும் சொன்னார். பெட்டியைச் சொன்னார். பிறகு சட்டையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஜார் ரோட்டில் பாதி தூரம் வந்தபிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கனல் பெட்டி முதல் சட்டைக்குச் சீறும். கை ஓட வேண்டும். சட்டைக்குச் சட்டை சூடு தணியும், கையும் தணியும். ஐந்தாவதுக்கு உடம்புப் பாரத்தையெல்லாம் இறக்கி, நிறுத்தி நிறுத்தித் தேய்ப்பார் அப்பா. அவரைப் பார்த்தே என் கையும் பழகியிருந்தது. கரண்டில் சூடு தணியவில்லை, கை மட்டும் தணிந்துவிட்டது. பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை! நடுரோட்டில் நின்று சிரித்தேன். பின்னால் இஞ்சி மூட்டையோடு வந்தவர் என்மேல் இடித்து, மலையாளத்தில் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

மிளகு மண்டி வாசலில் கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டார்.

"எடா மோனே, நில்லு. உன் அப்பனுக்குக் கண்ணு மங்கியாச்சா? கனல் தெறிச்சு ஷர்ட்டு போச்சுன்னு இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போனான். இருபது கொல்லமா, இத்தனை வருஷத்துல இல்லாத சங்கதி!"

"அது அப்பா இல்லை. நான்தான். கரண்டுப் பெட்டியில."

கோணிப்பையைத் திறந்தும் காட்டினேன். அவர் தராசுக்காரரைக் கூப்பிட்டார். "சேட்டா, இங்க பாருங்க. அப்பனைக் காப்பாத்த மகன் பெட்டியோட வந்திருக்கான்!" இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சத்தியமா நான்தான்."

"சரி சரி, நல்ல பிள்ளை. ஆனா இதை வேற எங்கயும் சொல்லாதே. சின்னப் பையன் கருக்கினதுன்னு பேரு வந்தா, இந்த பஜார்ல பின்ன உனக்கு ஒரு தோர்த்துத் துண்டுகூடத் தேய்க்கத் தரமாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதலாளி இனி ஷர்ட்டெல்லாம் வேற ஆளுகிட்ட. உன் அப்பனுக்கு வேஷ்டியும் விரிப்பும் மட்டும்தான்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. கனல் தெறித்ததாம்! வீட்டுக்குள் கரண்டு நுழைந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்றுதான் அன்று தீர்மானித்தேன். என் தப்பைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லை இந்த மனிதர்.

ஓட்டலில் மாமா பெட்டியைப் பார்த்ததும், "என்ன மருமகனே, உங்கப்பா இதைத் துரத்திட்டாரா?" என்றார்.

"ரெண்டு பேரையும்" என்றேன். அப்படிச் சொன்னபிறகு திரும்பிப் போக முடியவில்லை. மாமா போட்டுக்காரரிடம் வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். அன்று படுத்தது சலவை மூட்டைகள்மேல். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எதன்மேலெல்லாமோ படுத்தாயிற்று. அழுக்கு விரிப்பு மூட்டை மோசமில்லை.

காலையில் சலவை அறையின் மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்து, மீசை முளைத்தபிறகு வரச் சொன்னார். கரண்டுப் பெட்டியில் எல்லாரும் எங்கே கருக்குவார்கள் என்று எனக்குத் தெரியும் என்றேன். எங்கே என்றார். ஐந்தாவது சட்டையில் என்றேன். அவர் ஐந்து வெள்ளைச் சட்டைகளை மேசையில் போட்டார்.

ஐந்தாவதிலும் என் கை முதலாவதில் ஓடியதுபோலவே ஓடியது. மேஸ்திரி அதை விரித்து முதுகைப் பார்த்தார். பிறகு தேய்க்க வேண்டிய துணிக் கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினார். அதுதான் என் முதல் வேலை. அந்த வெள்ளை முதுகைப் பார்க்க அப்பா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கர்வமாகத்தான் நினைத்தேன். அதே நேரத்தில் மட்டாஞ்சேரியில் அவர் கனல் ஊத ஆளில்லாமல், தேய்க்க வெள்ளைச் சட்டையும் இல்லாமல் நின்றிருப்பார் என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் அடுத்த சட்டையை எடுத்தேன்.