பெலின்சோனாக் கோட்டையில் எண்பது பேருக்கு ஒரு கலியாணம்

மகளின் கலியாணத்துக்கு இடம் பார்க்க, போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருக்கும் துன்னிலிருந்து பெலின்சோனாவுக்குப் போய்வந்தோம். நான், மனைவி மனோ, மகள் நிலானி. சுவிஸில் தமிழ்க் கலியாணம் என்றால் பேர்னுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம், அறுநூறு பேர், கால் ஆடும் கதிரை. அதை விட்டுத் தெற்கே ஒரு பழைய கோட்டை நகரத்தில் நடத்தலாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம்.

ஊரைத் தெரிந்தெடுத்தவள் மகள். அவளும் மாப்பிள்ளையாகப் போகிறவரும் முதன்முதல் ஒன்றாகத் திரிந்த இடமாம். அன்று என்னிடம் சிநேகிதியோடு சூரிச்சுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அதை வேறொரு நாள் பேசிக்கொள்கிறேன்.

நான் சம்மதித்த காரணம் வேறு. கோட்டை மண்டபம் எண்பது பேருக்கு மேல் கொள்ளாது. எங்கள் ஆட்களிடம் உங்களைக் கூப்பிட விருப்பமில்லை என்று சொல்ல முடியாது. மண்டபம் கொள்ளாது என்று சொல்லலாம். கற்சுவரோடு யார் வாதாடுவது? பீலில் இருக்கும் என் சகலன், அதாவது மனோவின் அக்கா புருஷன், தன் மகளின் கலியாணத்தன்று, பொறியியல் படித்த என் கையில் மஞ்சள் மேலங்கியைத் தந்து கார் தரிப்பிடத்தில் நிறுத்தியவர். தாலி கட்டும் நேரம் நான் ஒரு வெள்ளை வான் வண்டியைப் பின்பக்கமாக எடுக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் மட்டும் கேட்டது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை. எண்பது பேர் யார் யாரென்று நான் இன்னும் யோசிக்கவில்லை. எண்பத்தோராவது ஆள் யாரென்பது முடிவாகியிருந்தது.

காலை ஏழு மணிக்குச் சற்று முன் ரயில். பேர்னிலும் சூரிச்சிலும் மாறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாள் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்ததால் அரைக்கட்டண அட்டையோடு ஆளுக்கு ஐம்பது பிராங்குக்குச் சற்று மேல். கொத்தார்ட் சுரங்கம் ஐம்பத்தேழு கிலோமீற்றர், இருபது நிமிட இருட்டு. உள்ளே போகும்போது மழை. வெளியே வரும்போது வெயில், பனை மாதிரி மரங்கள், இத்தாலிய மொழி. நிலையத்திலிருந்து பழைய நகரம் பத்து நிமிட நடை. சனிக்கிழமைச் சந்தையில் பாலாடைக்கட்டி நன்றாக இருந்தது. விற்றவர் துண்டு துண்டாக வெட்டித் தந்து தின்னவைத்தார், மனோ வாங்காமல் வந்தாள்.

ஊரில் மூன்று கோட்டைகள். நாங்கள் பார்த்தது எதுவென்று சொல்லமாட்டேன்; பிறகு எல்லாரும் அங்கேயே வைப்பார்கள். பொறுப்பாக இருந்த அம்மணி மரக்கூரை போட்ட மண்டபத்தைத் திறந்து காட்டினார். எண்பது கதிரைதான். எனக்குக் கண் கலங்கியது. அப்போது மகள் ஓமகுண்டத்தைப் பற்றி ஜெர்மனில் விளக்கினாள். அம்மணி கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினார். மரக்கூரைக்குக் கீழே நெருப்புக்கு இடமில்லை.

நான் சுவரோரம் ஒதுங்கி ஐயருக்குப் போன் எடுத்தேன். மின்விளக்கு வைத்துச் செய்ய ஏலாதோ என்று கேட்டேன்.

"செய்யலாம் அண்ணை," என்றார் ஐயர். "அக்கினி சாட்சி எண்டு நான் மந்திரம் சொல்லேக்க, ஆரைக் காட்டுறது? ஃபயர் அலாரத்தையோ?"

திரும்பி வந்தால் மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முற்றத்தில் நெருப்பு மூட்டலாமாம், தீயணைப்புப் போர்வையும் ஒரு பொறுப்பாளரும் இருந்தால் போதுமாம். முற்றத்தில் நானூறு பேர் இருக்கலாமாம். அம்மணி எனக்கு நல்ல செய்தி சொன்ன மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முற்றத்துக்கும் எண்பதுதான் என்று ஒரு கடிதம் தரச்சொல்லிக் கேள் என்றேன். மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். அளவெல்லாம் இணையத்தளத்தில் இருக்காம்.

மனோ மதில் விளிம்பில் இருந்து கீழே கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"கல்லு கொள்ளாது எண்டியள், நானும் பேசாம இருந்தன்," என்றாள். "இவ்வளவு காலமும் அக்காவோட போனில குளியலறைக்குள்ள நிண்டுதான் கதைக்கிறன், தண்ணியைத் திறந்துவிட்டிட்டு. என்ர பிள்ளைக்குத் தாலி ஏறேக்க அவ பக்கத்தில நிக்க வேணும். இப்ப இடம் இருக்கு."

தண்ணீர்க் கட்டணம் ஏன் ஏறியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அவைக்குக் கார்ட்டைத் தபாலில அனுப்பட்டோ?" என்று கேட்டேன்.

"அப்பா," என்றாள் மகள், "கார்ட்டைத் தபாலில போட்டா பெரியப்பா வருவாரோ? நீங்கள் வருவியளோ?"

நான் வரமாட்டேன். அந்த விஷயத்தில் அவரும் நானும் ஒரே சாதி மனிதர்.

மூன்றேகாலுக்குத் திரும்பும் ரயில் எடுத்தோம். கலியாணம் அடுத்த யூனில், முற்றத்தில்.

இதே யோசனையோடு தெற்கே போகிறவர்களுக்கு: மே, யூன் நல்லது, ஓகஸ்டில் கல் சுடும். முற்றம் என்றால் மழைக்குக் கூடாரம் பேசி வையுங்கள். ஆட்களைக் குறைக்கத்தான் கோட்டை தேடுகிறீர்கள் என்றால், நெருப்பைப் பற்றி முதலே கேளுங்கள், மனைவியையும் முதலே கேளுங்கள்.

துன்னிலிருந்து பீலுக்குப் பேர்னில் மாறிப் போக வேண்டும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். வரும் சனிக்கிழமை மனோவும் நானும் அழைப்பிதழ், வெத்திலை, பாக்கு, பழத்தோடு போகிறோம். தேத்தண்ணி குடிப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னால், ரயிலுக்கு நேரமாகிறது என்று எழும்பலாமென்று இருந்தேன். அட்டவணையைப் பார்த்தேன்; அரை மணிக்கொரு ரயில் விட்டிருக்கிறார்கள்.